உலைக்கூடத்தில் மணி அடிக்கவில்லை

அத்தியாயம் 14

மாமியாரும் மருமகளும் சோற்றுத் தட்டை எதிரே வைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்ட இடத்தில் போன வாரம் நிறுத்தியிருந்தேன். 'ஒரு வாய் சாப்பிட வைத்துவிட்டு நிறுத்தியிருக்கக் கூடாதா, உங்களுக்கு நெஞ்சில் ஈரமே கிடையாதா' என்று மடிவாளாவிலிருந்து ஒரு வாசகி எழுதிக் கேட்டிருக்கிறார். நான் என்னம்மா செய்வேன்? அந்த வீட்டில் அன்றைக்கு யாருமே சாப்பிடவில்லை.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காக நாலு வரி. தொம்மலூர் பழைய ஊருக்குள், மாரியம்மன் கோயில் சந்தில் இரண்டு அறை வீடு. அம்மா லட்சுமம்மா. மகன் மஞ்சுநாத், அவன் மனைவி மமதா. தங்கை வீணா. இதில் மஞ்சுநாத் இப்போது இல்லை. பொம்மசந்திராவில் இரும்பைக் காய்ச்சி அடிக்கிற ஃபேக்டரி ஒன்றில் வேலை பார்த்தான். அங்கே ஆள் உயரத்துக்கு மேல் ஒரு ராட்சத சுத்தியல் உண்டு, ஹேமர் என்பார்கள். அது இறங்குவதற்கு முன்னால் இரண்டு தடவை மணி அடிக்க வேண்டும். மஞ்சுநாத் குனிந்திருந்தபோது அது இறங்கிவிட்டது. ஐந்து மாதம் ஆகிறது.

கம்பெனி கொடுத்த காகிதத்தில் ஒரு வரி இருக்கிறது. 'மணி அடித்த பிறகும் கவனக்குறைவாக உள்ளே குனிந்ததே விபத்துக்குக் காரணம்.' அந்த வரிதான் இந்தக் குடும்பத்தை இரண்டாக வெட்டிப் போட்டது.

"எம்புள்ளை சின்ன வயசுலேருந்தே அவசரக் குடுக்கை. சோத்தைக்கூட ஆற விடமாட்டான். மணி அடிச்சா மட்டும் நிப்பானா?" என்று லட்சுமம்மா துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லி அழுதாள். பெற்றவள் புலம்பல்தான், வேறென்ன? ஆனால் மமதாவுக்கு அது பொறுக்கவில்லை. அன்றோடு மாமியாரிடம் நேராகப் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

"என் புருஷன் கவனமில்லாம செத்தான்னு ஒரு பேப்பர்ல இருக்கக் கூடாது. எனக்கு அந்த ஒரு வரி போகணும்" என்பதுதான் அவளுடைய ஒரே வேண்டுதல். நாளைக் காலை பத்து மணிக்கு ஃபேக்டரியில் கடைசி விசாரணை. அதற்குப் பிறகு அந்த வரி போகாது. பக்கத்தில் நின்று வேலை பார்த்த சின்னப்பாவைக் கேட்டால், "எனக்கு ஞாபகம் இல்லைம்மா" என்று தலையைக் குனிந்துகொள்கிறான். அவனுக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறதே, பாவம்.

இனி வீணாவின் ஆபீசுக்குப் போவோம்.

வீணாவுக்கு வேலை, வீடியோ கேம் விளையாடுவது. சிரிக்காதீர்கள். டிவியில் மாட்டி விளையாடுகிற சண்டை கேம் ஒன்றை அமெரிக்காக்காரனுக்காக தொம்மலூர் ரிங் ரோட்டில் ஒரு பேங்குக்கு மேல் மாடியில் உட்கார்ந்து இவர்கள் செய்கிறார்கள். செய்ததில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று நாள் முழுக்க விளையாடிக் கண்டுபிடிக்க வேண்டியது வீணா. ஒரே இடத்தில் நூறு தடவை குதிக்க வேண்டும். ஒரே சுவரில் நூறு தடவை மோத வேண்டும். சாயங்காலம் கண் இரண்டும் மிளகாய்ப் பழமாகிவிடும்.

அந்த கேமில் நாலு பேர் ஒரே நேரத்தில் மோதுவார்கள். எதிராளியை அடித்து விளிம்புக்கு வெளியே தள்ளினால் ஜெயம். மோதுகிற இடத்துக்கு ஸ்டேஜ் என்று பெயர். மற்ற ஸ்டேஜெல்லாம் ஒரு மொட்டை மாடி, ஒரு படகு என்று கைக்கு அடக்கமாக இருக்கும். ஒன்று மட்டும் ராட்சதன். ஆபீசில் அதை ஃபவுண்ட்ரி என்பார்கள், நாம் உலைக்கூடம் என்று வைத்துக்கொள்வோம்.

உலைக்கூடத்தில் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு ஓடவே அரை நிமிஷம் பிடிக்கும். மேலே ஆடுகிற கிரேன் கொக்கி. நடுவில் தானாக நகர்ந்து ஆளை இழுத்துக்கொண்டு போகும் பட்டை. கீழே பொங்கி ஏறும் இரும்புக் குழம்பு. எல்லாவற்றுக்கும் நடுவே ஒரு பெரிய சுத்தியல். அங்கே எதிராளி கொன்றதைவிட இடம் கொன்றதுதான் அதிகம்.

ஆனால் அந்தத் தொழிலில் ஒரு தர்மம் உண்டு. சொல்லாமல் அடிக்கக் கூடாது. இரும்புக் குழம்பு பொங்குவதற்கு முன் சிவக்க வேண்டும். கொக்கி வருவதற்கு முன் தரையில் அதன் நிழல் விழ வேண்டும். சுத்தியல் இறங்குவதற்கு முன் இரண்டு தடவை மணி அடிக்க வேண்டும். சொல்லாமல் அடித்தால் விளையாடுகிற பையன் ரிமோட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கம்பெனியைத் திட்டுவான்.

அன்று காலை பதினோரு மணிக்கு ஓஸ்வால்ட் வீணாவைக் கூப்பிட்டார். காக்ஸ் டவுன்காரர், ஐம்பதை நெருங்குகிறவர், கேமின் சத்தமெல்லாம் அவர் பொறுப்பு.

"வீணா, இங்க வாம்மா. அமெரிக்காவுலேருந்து மெயில் வந்திருக்கு. ஃபவுண்ட்ரியில ஹேமர் இறங்கினதுக்கு அப்புறம் பெல் அடிக்குதாம். மூணு வாரமா அப்படித்தான் இருக்குன்னு எழுதியிருக்கான்."

"நான் செக் பண்ணினேனே சார். ஓகே போட்டிருக்கேன்."

"அதான் எனக்கும் புரியலை. உன் கண்ணுல ஈ தப்பாது. இது எப்படித் தப்பிச்சுது?"

ஓஸ்வால்ட் எழுந்து அவள் மேஜைக்கு வந்தார். ஹெட்ஃபோன் நாற்காலியில் கிடந்தது. அதன் ஒயர் எதிலும் செருகப்படாமல் மேஜைக்குக் கீழே தொங்கியது.

"சத்தமில்லாமலா விளையாடுறே?"

"இந்த ஒரு ஸ்டேஜ் மட்டும் சார்."

"எத்தனை நாளா?"

"அஞ்சு மாசமா."

காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, ஒயரைப் பிடுங்கிவிட்டு, உலைக்கூடத்தில் ஊமையாக விளையாடியிருக்கிறாள் இந்தப் பெண். பார்க்கிறவர்களுக்கு வேலை செய்கிற மாதிரி இருக்கும். இந்த வேலையில் வேறு யாரும் செய்யாத தப்பு. ஆனால் அவளைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. உங்களுக்கும் வராது, கேளுங்கள்.

அந்தச் சுத்தியலின் சத்தம் மஞ்சுநாத்தின் சுத்தியல் சத்தம்.

வீணா வேலைக்குச் சேர்ந்த புதிது. கம்ப்யூட்டரில் கிடைக்கிற சுத்தியல் சத்தமெல்லாம் தகர டப்பா மாதிரி இருக்கிறது என்று ஓஸ்வால்ட் அலுத்துக்கொண்டிருந்தார். "எங்க அண்ணன் ஹேமர்லதான் சார் வேலை பார்க்கிறாரு" என்று இவள் பெருமையாகச் சொன்னாள். அவர் ஒரு சின்ன ரெக்கார்டரும் இரண்டு கேசட்டும் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை அண்ணனிடம் கொடுத்தபோது அவனுக்கு வாயெல்லாம் பல். "என் ஹேமர் டிவியில வரப்போவுதா? யார்கிட்டயும் மூச்சு விடாதே. உள்ளே இதெல்லாம் கொண்டுபோகக் கூடாது" என்றான்.

திங்கட்கிழமை பதிவு செய்தான். செவ்வாய்க்கிழமை காலையில், ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது கேசட்டை அவள் கையில் கொடுத்தான். அவள் போட்டுக்கூடப் பார்க்காமல் ஓஸ்வால்டிடம் கொடுத்தாள். அன்று மத்தியானம் மூன்று மணிக்கு ஃபேக்டரியிலிருந்து போன் வந்தது.

அவன் செவ்வாய்க்கிழமையும் அந்த ரெக்கார்டரைக் கொண்டுபோனானா? அது கையில் இருந்ததாலா குனிந்தான்? இந்தக் கேள்வியை நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் வீணா ஐந்து மாதமாகச் சோறு தின்கிறாள். வீட்டில் ஒருவரிடமும் சொல்லவில்லை. நாளைக்கு அண்ணி விசாரணையில் நின்று, "என் புருஷன் கவனம் தப்பாதவரு" என்று சத்தியம் பண்ணப் போகிறாள்.

"அந்தச் சத்தத்தை எடுத்துடட்டுமான்னு அப்பவே கேட்டேனே" என்றார் ஓஸ்வால்ட், மெதுவாக.

"இருக்கட்டும் சார். அண்ணன் ஆசைப்பட்டாரு. என்னாலதான் கேட்க முடியலை."

"சரி, வா. நீ கேட்க வேண்டாம். பெல்லை முன்னாடி நகர்த்தணும். படத்தைப் பார்த்து, எங்கே அடிக்கணும்னு கையைக் காட்டு, போதும்."

அவருடைய அறையில் உட்கார்ந்தார்கள். அவர் மணியை மட்டும் தனியாக எடுத்துப் போட்டார். டிங், டிங். வீணா அதைக் கேட்டாள். சுத்தியல் இல்லாததால் கேட்க முடிந்தது.

"இதானா சார் அந்த ஃபேக்டரி மணி?"

"இல்லம்மா. இது எங்க வீட்டுக்காரி டீச்சரா இருக்கிற ஸ்கூல் மணி. நானே போய் எடுத்துட்டு வந்தேன். உங்க அண்ணன் டேப்ல மணியே இல்லையே."

"மணி இல்லையா?"

"இல்லை. இருபது நிமிஷம் ஓடுது, ஒரு தடவைகூட இல்லை. நானும் தேடிப் பார்த்துட்டு..."

அவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். வீணா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

"சார். கம்பெனி பேப்பர்ல மணி அடிச்சுதுன்னு போட்டிருக்கு. மணி அடிச்ச அப்புறமும் குனிஞ்சாருன்னு போட்டிருக்கு."

ஓஸ்வால்டுக்கு அந்தக் காகிதத்தைப் பற்றித் தெரியாது. வீணா வீட்டு விஷயம் எதையும் ஆபீசில் சொல்கிறவள் இல்லை. "ஜீசஸ்" என்று நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "எனக்குத் தெரியாதே, மகளே. தெரிஞ்சிருந்தா நானே வீட்டுக்குக் கொண்டு வந்திருப்பேனே."

"கேசட் இருக்கா சார்?"

"இருக்கு."

"எனக்குக் கேட்கணும்."

கேட்டாள். இருபது நிமிஷமும் கேட்டாள். சுத்தியல் இறங்க இறங்க அவள் தோள் குலுங்கியது. ஒவ்வொரு தடவையும் 'இப்போதாவது மணி அடி, இப்போதாவது அடி' என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அறுபத்து மூன்று தடவை சுத்தியல் இறங்கியது. ஒரு தடவைகூட மணி அடிக்கவில்லை. காசு கொடுத்து வாங்கி விளையாடுகிற பொம்மைக்கு நேரத்தில் மணி அடிக்காவிட்டால் அமெரிக்காவிலிருந்து மெயில் வருகிறது. அங்கே உயிரோடு நின்ற மனுஷனுக்கு அடிக்கவில்லை, ஒருவரும் கேட்கவில்லை.

சுத்தியல் நின்றது. ஒரு சின்ன இடைவெளி. பிறகு மஞ்சுநாத்.

"வீணா, இருபது நிமிஷம் எடுத்திருக்கேன், பாரு. போதலைன்னா சொல்லு, நாளைக்குப் பக்கத்துல போய் எடுக்கிறேன்."

வீணா ஹெட்ஃபோனைப் பிடுங்கி மேஜைமேல் போட்டாள். அண்ணனின் குரலைக் கேட்டு ஐந்து மாதம். கேட்டதும் இதைத்தானா கேட்க வேண்டும்!

"இன்னும் கொஞ்சம் இருக்கும்மா, முழுசா கேட்டுடு" என்றார் ஓஸ்வால்ட்.

"வேண்டாம் சார். போதும்."

"நான் இதை அன்னிக்கே கேட்டேன். உன்கிட்ட சொல்ல வாய் வரலை."

வீணா முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கு இன்னொரு கேசட்ல போட்டுக் குடுங்க சார். 'எடுத்திருக்கேன், பாரு'ங்கிற வரைக்கும் இருந்தாப் போதும்."

"மீதி?"

"மீதி வேண்டாம். கம்பெனிக்காரன் கேட்டா என்ன சொல்வான்? வேலையை விட்டுட்டு ரெக்கார்ட் பண்ணிக்கிட்டு இருந்தான்னு சொல்வான்."

"சொல்வான். வாஸ்தவம்தான். ஆனா நீ அதுக்காகவா வெட்டச் சொல்றே?"

வீணா மேஜைமேல் கிடந்த ஹெட்ஃபோனை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. வெட்டிக் கொடுத்தார். அசலையும் அவள் கையிலேயே கொடுத்து, "ரெண்டும் உன்னுது. எதை வேணும்னாலும் நீயே முடிவு பண்ணு. வீட்டுக்குப் போ, மணியை நான் நகர்த்திக்கிறேன்" என்றார்.

வீணா வீட்டுக்கு வந்தபோது நாலு மணி. லட்சுமம்மா வாசல்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். உள்ளே மமதா நாளைக்குக் கட்ட வேண்டிய புடவையை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தாள்.

"வீணா, உங்க அம்மாகிட்ட சொல்லு, கார்ப்பரேஷன் தண்ணி நாளைக்கு வராதாம்."

"உங்க அண்ணிகிட்ட சொல்லு, எனக்கு அது காலையிலேயே தெரியும்."

ஐந்து மாதமாக இப்படித்தான். இரண்டு பேருக்கும் நடுவில் இவள் ஒரு டெலிபோன்.

"ரெண்டு பேரும் இங்க வாங்க. ஒண்ணு கேட்கணும்" என்று வீணா அலமாரி மேலிருந்த டேப் ரெக்கார்டரை இறக்கினாள். வெட்டின கேசட்டைத்தான் போட்டாள். வரும் வழியெல்லாம் யோசித்து எடுத்த முடிவு அது.

"ஆபீஸ்ல ஒரு சத்தம் வேணும்னு அண்ணன்கிட்ட கேட்டேன். ஒரே ஒரு நாள்தான் எடுத்துக் குடுத்தாரு. திங்கட்கிழமை."

மமதாவின் கை அயர்ன் பெட்டியோடு நின்றது. "திங்கட்கிழமையா?"

"ஆமா அண்ணி."

மமதா பெட்டியை நிறுத்தி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

சுத்தியல் அந்தச் சின்ன அறையை அதிர வைத்தது. லட்சுமம்மா இரண்டாவது அடிக்கே காதைப் பொத்திக்கொண்டாள். "அய்யோ, எதுக்குடி இது? நிறுத்துடி!"

"மணி அடிக்குதான்னு கேளும்மா. அது மட்டும் கேளு."

கேட்டார்கள். ஐந்து அடி. பத்து அடி. மமதா விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். இருபதாவது அடியில் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"மணி இல்லை" என்றாள். "மணியே இல்லை! அத்தை, மணி அடிக்கலை, கேட்டீங்களா? அவங்க மணியை நிறுத்தி வெச்சிருந்திருக்காங்க. அத்தை!"

ஐந்து மாதத்துக்குப் பிறகு நேராகக் கூப்பிட்ட முதல் அத்தை. லட்சுமம்மா மருமகள் முகத்தைப் பார்த்தாள், பிறகு டேப் ரெக்கார்டரைப் பார்த்தாள்.

"அடிக்காத மணியை எம்புள்ளை எப்படிடி கேட்பான்?" என்றாள். அடுத்த நொடி, இரண்டு கையாலும் தன் வாயில் அடித்துக்கொண்டாள். "இந்த வாயாலதானே சொன்னேன்! அவசரக் குடுக்கைன்னு ஊரெல்லாம் சொன்னேனே. பாவி, பெத்தவளே பழி போட்டேனே!"

"அத்தை, வேண்டாம். அடிச்சுக்காதீங்க." மமதா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு அழுதார்கள். டேப் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்த வீணாவுக்கு, வெட்டினது சரிதான் என்று தோன்றியது. சத்தியமாகத் தோன்றியது.

கடைசியில் சுத்தியல் நின்று மஞ்சுநாத் பேசினான். "வீணா, இருபது நிமிஷம் எடுத்திருக்கேன், பாரு." அவ்வளவுதான், நின்றுவிட்டது.

லட்சுமம்மா தேம்பிக்கொண்டே எழுந்தாள். "என் சாமி... நான் போய்ச் சொல்லிட்டு வர்றேன். யார் யார்கிட்ட சொன்னேனோ அவங்க எல்லார்கிட்டயும் சொல்லணும். ஒரு வீடு விடமாட்டேன்." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சந்தில் இறங்கிவிட்டாள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அந்த வாயில் போட்ட சொல்லைத் திரும்ப எடுத்துக்கொண்டு வரத்தான் அந்த அம்மா கிளம்பினாள்.

வீட்டில் இரண்டு பேர்.

"அவ்வளவுதானா?" என்றாள் மமதா.

"அவ்வளவுதான் அண்ணி."

"மீதியை எங்கே வெச்சிருக்கே?"

வீணா டேப் ரெக்கார்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள். "மீதின்னா?"

"அவரு அதைப் பேசினது ஃபேக்டரியில இல்லை வீணா. அன்னிக்குச் சாயங்காலம் இங்கே, இதே சுவர்ல சாஞ்சுக்கிட்டு. நீ தண்ணி பிடிக்கப் போயிருந்தே. நான் இந்தப் பக்கம் சப்பாத்திக்கு மாவு பிசைஞ்சுக்கிட்டு இருந்தேன். 'போதலைன்னா சொல்லு'ன்னாரு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அது இதுல இல்லை."

வீணா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான்தான் அண்ணி வெட்டச் சொன்னேன். நாளைக்குப் பக்கத்துல போய் எடுக்கிறேன்னு சொல்றாரு. எனக்காகத்தான் போனாரு. நான்தான் அவரைக் கொன்னேன். உங்க முகத்தைப் பார்த்து இதை எப்படிச் சொல்லுவேன்?"

மமதா அவளைத் திட்டவில்லை. தொடவும் இல்லை. "அசல் இருக்கில்ல? அதைப் போடு" என்றாள்.

"அண்ணி, வேண்டாம்..."

"போடுன்னா போடு."

வீணா பையிலிருந்து எடுத்துப் போட்டாள். கடைசிக்கு ஓட்டினாள். மஞ்சுநாத்தின் குரல் வந்தது. 'போதலைன்னா சொல்லு, நாளைக்குப் பக்கத்துல போய் எடுக்கிறேன்.' வீணா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். ஆபீசில் இதற்குமேல் அவள் கேட்கவில்லை. இப்போது கேட்டாள்.

ஒரு பெண் குரல். சிரிப்போடு.

"அவ எதுக்குச் சொல்லணும்? எனக்கே தெரியுதே, எங்கேயோ தூரத்துல கேட்குது. நாளைக்கே பக்கத்துல போய் எடுங்க. தங்கச்சி வேலைக்குப் போய் முதல் தடவையா ஒண்ணு கேட்டிருக்கா, சரியா செஞ்சு குடுக்க வேண்டாமா?"

"சரிங்க மேடம்" என்று மஞ்சுநாத் சிரித்தான். டக்.

வீணா கண்ணைத் திறந்தாள். மமதா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ சொல்லவே இல்லை வீணா. போதும் போதலைன்னு நீ ஒரு வார்த்தை சொல்லலை. போகச் சொன்னது நான்."

"அண்ணி..."

"அவரு கவனமா இருக்கிறவருன்னு ஊர் பூரா கத்துறேனே, ஏன் தெரியுமா? அவரு கவனமா இருந்தாருன்னா நான் சொன்னதைக் கேட்டிருக்க மாட்டாரு. கிட்டப் போயிருக்க மாட்டாரு. அதுக்குத்தான். உங்க அம்மா அவசரக் குடுக்கைன்னு சொல்றப்போ எல்லாம், அவசரப்படுத்தினவ நான்தானேன்னு எனக்குக் குத்தும். அதான் அவங்ககிட்ட பேசலை."

சொல்லிவிட்டு எழுந்துபோய்த் தன் தகரப் பெட்டியைத் திறந்தாள். அடியில், கல்யாணப் புடவைக்குக் கீழே கை விட்டு ஒரு துணி மூட்டையை எடுத்தாள். அவிழ்த்தாள். ஓஸ்வால்ட் கொடுத்த அதே ரெக்கார்டர்.

"சின்னப்பாதான் அவரு பையைக் கொண்டுவந்து குடுத்தான். டிபன் டப்பாவுக்குக் கீழே இது இருந்துச்சு. பையிலேயே இருந்துச்சா, இல்லை அவரு கையிலேருந்து எடுத்து உள்ளே போட்டானான்னு கேட்க எனக்குத் தைரியம் வரலை. திறந்துகூடப் பார்க்கலை. உன் கண்ணுல படக் கூடாதுன்னு ஒளிச்சு வெச்சேன். பார்த்தா நீ உடைஞ்சு போயிடுவேன்னு பயந்தேன்."

"நீங்க உடைஞ்சு போயிடுவீங்கன்னுதான் அண்ணி நான் வெட்டினேன்."

என்ன சொல்வது இதுகளை? ஒரே வீட்டில், ஒரே அறையில் பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டு, ஒருத்திக்குத் தெரியக் கூடாதென்று இன்னொருத்தி ஐந்து மாதம் அதே பாரத்தைச் சுமந்திருக்கிறாள். ஒருத்தி ஒரு வார்த்தை வாய் திறந்திருந்தால் பாதிப் பாரம் அன்றைக்கே இறங்கியிருக்கும்.

மமதா ரெக்கார்டரைத் திறந்தாள். உள்ளே இரண்டாவது கேசட். அதை வீணாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

"இது காலியா இருந்தா அவரு இதைப் பையை விட்டே எடுக்கலை. அப்போ நான் சொன்னதாலயும் இல்லை, நீ கேட்டதாலயும் இல்லை. ரெண்டு பேரும் நிம்மதியா அழலாம்."

"காலின்னா டேப் நகர்ந்தே இருக்காது, ரீவைண்ட் போட்டதும் உடனே நின்னுடும் அண்ணி. போட்டுக் கேட்கவே வேண்டாம்."

"அப்போ அதைப் பண்ணு."

வீணா கேசட்டை டேப் ரெக்கார்டரில் போட்டு மூடினாள். பொத்தான்மேல் விரலை வைத்தாள். மமதா தன் விரலை அவள் விரல்மேல் வைத்தாள். இரண்டு விரலுமாக ரீவைண்டை அழுத்தினார்கள்.

நிற்கவில்லை.

சுற்றியது. கிர்ரென்று, ஒரே சீராகச் சுற்றியது. வெளியே லட்சுமம்மா யார் வீட்டு வாசலிலோ நின்று, "மணியே அடிக்கலையாம்டி, எம்புள்ளை மேல ஒரு தப்பும் இல்லையாம்" என்று உரக்கச் சொல்வது கேட்டது.

"சுத்துதே வீணா" என்றாள் மமதா. "இன்னும் சுத்துதேடி."

வீணா மமதாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ரொம்ப நேரம் கழித்து டேப் நின்றது.

மமதா அவள் தலைமேல் கை வைத்தாள். இன்னொரு கையை நீட்டி டேப் ரெக்கார்டரைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"ரெண்டு பேராலயும்தான் வீணா" என்றாள். "நீ தனியா இல்லை. எழுந்திரு, உங்க அம்மா வர்றதுக்குள்ள கேட்டுடுவோம்."